மடக்கி வைக்காத மூக்குக்கண்ணாடி

“திருப்பி வச்சது யாரு?”

“நான்தான். வேற யாரு இருக்கா இந்த வீட்டுல? இருக்கான்னா சொல்லிடுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்.”

“ஒரு மூலையில அது பாட்டுக்கு இருக்கு. உன்னை என்ன பண்ணுச்சு?”

“அது பாட்டுக்கு இல்லங்க. என்னையே பாத்துக்கிட்டு இருக்கு.”

“கண்ணாடி பாக்காது. கண்ணுதான் பாக்கும்.”

“முப்பது வருஷமா கண்ணாடி விக்கிறவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப எதுக்கு தினமும் தொடச்சுத் தொடச்சு வைக்கிறீங்க? யாரு போட்டுக்கிட்டு எதைப் படிக்கப் போறா?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மாடிவீட்டில் இப்படிக் குரல் ஏறியதும், கீழ்வீட்டம்மா ரேடியோவை நிறுத்தினார். அவருக்குக் காது மந்தம் என்று பேர். அந்த மந்தம் கடன் கேட்டு வருகிறவர்களிடம் மட்டும்தான். மாடியில் ஊசி விழுந்தால் அது எந்த நம்பர் ஊசி என்று சொல்லிவிடுவார்.

சண்டை ஒரு மூக்குக்கண்ணாடிக்காக. பழுப்பு ஃபிரேம், வட்ட லென்ஸ். கண்ணாடிக்காரரின் முதல் மனைவி போட்டிருந்தது. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. இந்தக் கண்ணாடி மட்டும் படுக்கையறை அலமாரித் தட்டில், கால்களை மடக்காமல், இப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி கட்டிலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தினமும் காலையில் கடைக்குப் போகுமுன் அவர் அதை மெல்லிய துணியால் துடைப்பார். துடைத்து அதே இடத்தில், அதே கோணத்தில் வைப்பார்.

இரண்டாவதாக வந்தவளைத் தெரு ‘கர்ட்டன் அக்கா’ என்று கூப்பிட்டது. வீடுவீடாகப் போய் ஜன்னலை அளந்து, கர்ட்டன் தைத்து, மாட்டியும் கொடுத்துவிட்டு வருவாள். இந்தத் தெருவில் அவள் பார்க்காத படுக்கையறை கிடையாது. ஏழு மாதத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அவளுக்கு ஐம்பத்திரண்டு, அவருக்கு ஐம்பத்தெட்டு. “வயசான காலத்துல ஒருத்தருக்கொருத்தர் துணை வேணும்ல” என்று தெரு பெருந்தன்மையாகச் சொன்னது. அவளும் தலையை ஆட்டிவைத்தாள்.

துணையாவது ஒன்றாவது. இருபத்து மூன்று வயதில் அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்தது. அந்த ஆள் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தான், பிறகு வேலைக்கென்று போனவன் போனவன்தான். அந்த இரண்டு வருஷத்தில் தன் உடம்புக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் தையல் மிஷினோடு குடித்தனம். ஒருநாள் வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கப் போனபோது, கடைக்காரர் காதுக்குப் பின்னால் விரலை விட்டு ஃபிரேமைச் சரிசெய்தபடி, “வலிக்குதா?” என்று கேட்டார். அவள் கழுத்து முழுக்கச் சிலிர்த்தது. கண்ணாடி லூசாக இருக்கிறது என்று அதற்குப் பிறகு மூன்று தடவை போனாள். அது லூசாக இல்லை. நாலாவது தடவை அவருக்கே புரிந்துவிட்டது.

ஆக, அவள் எதற்காகக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரியும். அது நடக்கவில்லை என்பதுதான் விஷயம்.

மனசுக்கு எல்லாம் வந்தது, உடம்புக்கு வரவில்லை. முதல் வாரமே உப்புத்தாளால் தேய்த்த மாதிரி எரிந்தது. ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது, போகப்போகச் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். சரியாகவில்லை. ஒருநாள் விரிப்பில் பொட்டாக ரத்தம். அவர் பார்ப்பதற்குள் உருவித் துவைத்துப் போட்டாள். அவள் வலி தாங்காமல் மூச்சை இழுக்கிற ஒவ்வொரு தடவையும், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அவர் சட்டென்று விலகுவார். கண்கள் அலமாரித் தட்டுக்குப் போகும். எழுந்து போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நிற்பார். ஊருக்கெல்லாம் “வலிக்குதா?” என்று கேட்கிற மனுஷன், அங்கே மட்டும் அதைக் கேட்டதே இல்லை.

அவர் கண் போன வழியே அவளும் பார்த்தாள். இரண்டு வட்டம். இரண்டிலும் ஜன்னல் வெளிச்சம்.

சரி, வெளிச்சத்தை அடைத்துவிடலாம் என்று கனமான துணியில் இரண்டு அடுக்கு உள்துணி வைத்து ஒரு கர்ட்டன் தைத்தாள். தொழிலில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது; மாட்டியதும் பட்டப்பகலில் அறை கிணற்றுக்குள் போன மாதிரி இருட்டிவிட்டது. அந்த இருட்டிலும் தட்டில் இரண்டு பொட்டு வெளிச்சம் இருந்தது. கதவிடுக்கில் துணி திணித்தாள், சாவித்துவாரத்தில் பஞ்சு வைத்தாள். பொட்டு போகவில்லை.

இன்னொரு நாள், அவர் கடையில் இருக்கும்போது அளவு டேப்பை எடுக்க அறைக்குள் போனாள். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. வெயிலில் இருந்து குளிர்ந்த அறைக்குள் யாரோ வந்து மூச்சு விட்ட மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி மெல்ல மெல்ல அது தெளிந்தது. டேப்பை எடுக்காமலே திரும்பி வந்துவிட்டாள். அன்று ஒரு வீட்டு ஜன்னலைக் கையால் சாண்போட்டு அளந்தாளாம். கர்ட்டன் அரையடி குட்டையாகப் போனதை அந்த வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

மெத்தை விஷயம் இன்னும் மோசம். சுவரோரப் பக்கத்தில் ஒரு பள்ளம், ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்த அளவுக்கு. “பழைய மெத்தை, அப்படித்தான் இருக்கும்” என்றார் அவர். அவள் புரட்டிப் போட்டாள். அடுத்த ஞாயிறு பார்த்தால் பள்ளம் மறுபடி சுவரோரத்தில்.

கீழ்வீட்டம்மா வேறு எரிகிறதில் எண்ணெய் ஊற்றினார். “நீங்க ரெண்டு பேரும் வெளியில போனப்புறமும் மேல நடக்கற சத்தம் கேக்குதும்மா. மூத்தவ நடை எனக்குத் தெரியாதா? இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பா. நான் எதுக்கு உன்கிட்ட சொல்லி உன்னைப் பயமுறுத்தணும்” என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டுப் போனார்.

கர்ட்டன் அக்கா முடிவுக்கு வந்துவிட்டாள். மூத்தவள் விடமாட்டேன் என்கிறாள். என் கட்டிலில் உனக்கென்ன சுகம் என்று கேட்கிறாள். உடம்பு வழிவிடாததற்கு அதுதான் காரணம். அலமாரியைத் தூசி தட்டும்போது அந்தக் கண்ணாடியிடம் ரகசியமாக மன்னிப்புக்கூடக் கேட்டுப் பார்த்தாள். கேட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பியும் பார்த்துக்கொண்டாள். கடைசியில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

சண்டைக்கு வருவோம்.

“அவங்க பாத்துக்கிட்டே இருந்தா என் உடம்பு எப்படிங்க வழிவிடும்?” என்று அவள் கேட்டதும், அவர் குரல் இறங்கிவிட்டது. அவ்வளவு இறங்கினால் கீழ்வீட்டம்மாவுக்குக்கூடக் கேட்காது. அது அவருக்குப் பெரிய நஷ்டம்.

“பிடிக்கலன்னா நேரா சொல்லிடு. அவ மேல பழி போடாத. எனக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல” என்றார்.

அவர் தலையணையை எடுத்தார். அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி, பட்டப்பகலில் தெருவைக் கடந்து கடைக்குப் போனார். கடைக்குப் பின்னால் மிஷின் வைத்திருக்கும் அறையில் ஒரு பெஞ்ச் உண்டு. அன்றிலிருந்து அவருக்குப் படுக்கை அங்கேதான். சாப்பாட்டுக்கு வருவார், “உப்பு சரியா இருக்கு” என்பார், போய்விடுவார். அவர் தலையணையோடு போனதைத் தெரு பார்த்தது. மாதம் முடிவதற்குள் கர்ட்டன் அக்கா, இன்னும் காலி செய்யாத தன் பழைய வாடகை அறைக்குப் போய்விடுவாள் என்று தெரு கணக்குப் போட்டது. உண்மையில் அவளும் அந்த அறைச் சாவியைத் தேடி எடுத்து வைத்திருந்தாள்.

அந்த வாரம்தான் பெண்கள் கிளினிக்கில் இருந்து ஆள் வந்தது. பரிசோதனை அறையில் கட்டிலைச் சுற்றி மறைக்கிற திரைகள் நைந்துவிட்டன, அளவெடுக்க வரவேண்டும். அவளுக்குத் தயக்கம். அங்கே தலைமை நர்ஸாக இருப்பவள் மூத்தவளின் கூடப்பிறந்த தங்கை, அதாவது கண்ணாடிக்காரருக்குக் கொழுந்தியா. நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. அக்கா போனதும் அத்தானைக் கட்டிக்கொள்வாள் என்று தெரு எதிர்பார்த்தது; அவள் கட்டிக்கொள்ளாதது மட்டுமில்லை, நாலு வருஷமாகக் கடை வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஏமாற்றம் என்று தெரு தீர்ப்புச் சொல்லியிருந்தது.

கர்ட்டன் அக்கா போய், கட்டிலைச் சுற்றியிருந்த கம்பியை அளந்தாள். ஜன்னலை அளந்தாள். நர்ஸம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

“உக்காந்து எழுதுங்க.”

“இருக்கட்டும், நின்னுக்கிட்டே எழுதிடறேன்.”

“வந்ததுல இருந்து நின்னுக்கிட்டே இருக்கறதைத்தான் நானும் பாக்கறேன். எத்தனை நாளா எரியுது?”

“எனக்கு ஒண்ணுமில்ல.”

“அந்த ஜன்னலை மூணாவது தடவையா அளக்கறீங்க. அது வளராது.”

கர்ட்டன் அக்காவின் கையில் இருந்த டேப் சுருண்டு உள்ளே போயிற்று. அழக்கூடாது என்று நினைத்தாள், வேறொன்று வந்துவிட்டது. “உங்க அக்கா விடமாட்டேங்கறாங்க.”

நர்ஸம்மா கதவைச் சாத்தினாள். “என் அக்காவை அப்புறம் பாக்கலாம். உடம்புக்கு என்னன்னு சொல்லுங்க.”

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். எரிச்சல், விரிப்பு, கண்ணாடி, ஆவி, பள்ளம், தலையணை. நர்ஸம்மா குறுக்கே மூன்று கேள்விதான் கேட்டாள். தீட்டு நின்று எத்தனை வருஷம்? மூன்று. சிறுநீர் போகும்போது எரிகிறதா? சிலசமயம். ரத்தம் எத்தனை தடவை? ஒரே தடவை.

“ஒரு தடவைன்னாலும் தீட்டு நின்னப்புறம் ரத்தம் பட்டா டாக்டர் பாத்தே ஆகணும். அதுவரைக்கும் நான் வாய் திறக்க மாட்டேன்.”

டாக்டரம்மா பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பயப்படும்படி எதுவும் இல்லை. “ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன். தீட்டு நின்னா அது குறைஞ்சிடும். உள்ள இருக்கற தோல் மெலிஞ்சு, ஈரம் வத்திப்போகும். பாதிப் பொம்பளைங்களுக்கு இது இருக்கு. மனசு வேணும்னு சொல்லும், உடம்பு வறண்டு கிடக்கும். அதுக்குப் பேய் தேவையில்ல” என்று சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் கர்ட்டன் அக்கா நர்ஸம்மாவை முறைத்தாள். “நான் சொல்லல. கதவு மெல்லிசு” என்றாள் நர்ஸம்மா.

பிறகு சீட்டைக் கை நீட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்து விளக்கினாள். “இது ஈஸ்ட்ரோஜன் க்ரீம், உள்ள வைக்கறது. முதல் ரெண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை. வச்ச மறுநாளே மாயம் நடக்காது. ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும். இந்த ஜெல் வேற. அது அந்த நேரத்துக்கு. கஞ்சத்தனம் பண்ணாதீங்க, தாராளமா. வாசனை சோப்பு அந்தப் பக்கமே போகக்கூடாது. அப்புறம், அவசரம் வேண்டாம். உடம்பு தயாராக நேரம் எடுக்கும், எடுத்துக்கட்டும். வலிச்சா நிறுத்துங்க. எப்ப, எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க, அவர் கேக்கட்டும். கடைசி வரைக்கும் போயே ஆகணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. கை இருக்கு, வாய் இருக்கு. சுகம் ஒரே வாசல் வழியாத்தான் வரணும்னு யாரு சொன்னது?”

கல்யாணம் ஆகாதவள் இவ்வளவு பேசுகிறாளே என்று கர்ட்டன் அக்காவுக்கு ஒரு நிமிஷம் ஓடியது. அதற்குள் நர்ஸம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதே மாதிரி நான் எங்க அக்காகிட்ட பேசியிருக்கணும்.”

மூத்தவளுக்கு மார்பில் கட்டி வந்தது தெருவுக்கே தெரியும். ஆபரேஷன் ஆகி, அதற்குப் பிறகு ஊசியும் மாத்திரையுமாக வருஷக்கணக்கில் ஓடியது. அந்த மருந்து ஈஸ்ட்ரோஜனை அடியோடு வற்றவைத்துவிடும் என்பது தெருவுக்குத் தெரியாது. அப்போது மூத்தவளுக்கு நாற்பத்து நாலு வயது.

“இதே ஸ்டூல்ல உக்காந்து என்கிட்ட கேட்டா. ‘ரொம்ப வலிக்குதுடி, அவர்கிட்ட சொல்ல வாய் வரல, ஏதாவது மருந்து இருக்கா’ன்னு. எனக்கு வெக்கம். சிரிச்சிட்டேன். ‘உயிரோட இருக்கறதே பெரிசு, இப்ப இது ஒரு கவலையா உனக்கு’ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அந்தக் கட்டி வந்தவளுக்கு இந்த க்ரீம் ஆகாது. ஆனா ஜெல் குடுத்திருக்கலாம். இவ்வளவு பேசியிருக்கலாம். அவ அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. ஆறு வருஷம் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தா. நோய் திரும்பி வந்தது, போயிட்டா.”

“அவருக்கு இது தெரியுமா?”

“தன்னைத் தொடவே அவளுக்குப் பிடிக்கலன்னு அத்தான் நெனச்சுக்கிட்டார். கடைசியில ஆஸ்பத்திரியில ‘நான் என்ன தப்பு பண்ணேன்னு உங்க அக்கா சொன்னாளா’ன்னு என்கிட்ட கேட்டார். இல்லன்னுட்டேன். அதான் அந்தக் கடைக்குப் போகல. ஊர் வேற என்னமோ பேசுதுன்னு தெரியும்.”

‘எனக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல’ என்று அவர் சொன்னது அப்போதுதான் கர்ட்டன் அக்காவுக்கு உறைத்தது. அவள் முகம் சுளித்த ஒவ்வொரு தடவையும் அவர் எதற்காகத் தட்டைப் பார்த்தார் என்று புரிந்தது. இவள் அங்கே கோபத்தைப் பார்த்தாள். அவர் அங்கே வெறுப்பைப் பார்த்தார். ஒரே கண்ணாடி.

“நீங்களே அவர்கிட்ட சொல்லணும்.”

“என்னால முடியாது.”

“நான் சொன்னா நம்ப மாட்டார். எனக்குப் பிடிக்காததுக்கு நான் கதை கட்டறேன்னு நெனப்பார். செத்தவங்களால வந்து சொல்ல முடியாது. எனக்கு அவர் வேணும்ங்க. துணைக்கு மட்டும்னா ஒரு பூனை வளத்திருப்பேன்.”

கர்ட்டன் அக்கா டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, “சீட்டை இவ்வளவு தூரம் தள்ளிப் பிடிச்சாத்தான் தெரியுது உங்களுக்கு. கண்ணாடி போடற வயசு. நல்ல கடை ஒண்ணு தெருமுனையில இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நர்ஸம்மா கடைக்கு வர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் கர்ட்டன் அக்கா க்ரீமை விடாமல் வைத்தாள். வாடகை அறைச் சாவி மேஜைமேலேயே கிடந்தது. அந்தப் படுக்கையறையில் தனியாக இருக்க அவளுக்கு இப்போது வேறு மாதிரி பயம். முன்பு தன்னை விரட்டுகிறாள் என்று பயந்தவள், இப்போது ஏதோ கேட்கிறாள் என்று பயந்தாள். கண்ணாடியில் ஆவி அடிக்கடி படிந்தது. ஒரு சாயங்காலம், துணிந்து, மெத்தையின் பள்ளத்தில் போய்ப் படுத்தாள். அது அவள் உடம்புக்குச் சரியாக இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

முகத்துக்கு நேரே, சுண்ணாம்பில், ஒரு சின்னக் குழி. கடலைப்பருப்பு அளவு. நகத்தால் சுரண்டிச் சுரண்டி, உள்ளே செங்கல்வரை போயிருந்தது. ஒருநாளில் ஆகிற வேலை இல்லை. ஆறு வருஷ வேலை.

“தெரிஞ்சுடுச்சுக்கா” என்று சுவரிடம் சொன்னாள். பின்னால், அறைக்குள், யாரோ காலை மாற்றி வைத்த சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து நர்ஸம்மா கடைக்கு வந்தாள். கர்ட்டன் அக்கா கடைக்குள்ளேதான் இருந்தாள், கண் பரிசோதிக்கிற இருட்டு அறையின் திரைக்குப் பின்னால். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் அந்தத் திரையைத் தைத்தது அவள். எந்த இடத்தில் துணி மெல்லிசு என்று அவளுக்குத் தெரியும்.

“வா” என்றார் கண்ணாடிக்காரர். அவ்வளவுதான். நாலு வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டார்.

“இதுல நல்லா தெரியுதா? இதுலயா?”

“முதல்ல போட்டது.”

“இப்ப?”

“அத்தான், அக்கா உங்களை வெறுக்கல.”

லென்ஸ் தட்டில் விழுந்த சத்தம். பிறகு இன்னொரு லென்ஸ் எடுக்கிற சத்தம். “கடைசி வரியைப் படி.”

அவள் கடைசி வரியைப் படிக்கவில்லை. மாத்திரையைச் சொன்னாள், வறட்சியைச் சொன்னாள், ஸ்டூலைச் சொன்னாள், தான் சிரித்ததைச் சொன்னாள். அவர் லென்ஸை மாற்றிக்கொண்டே இருந்தார். “இதுல?” என்று ஒரு தடவை கேட்டார். “எல்லாமே கலங்கலாத்தான் தெரியுது அத்தான்” என்றாள்.

“என்கிட்ட ஏன் சொல்லல அவ?”

“நீங்க கேட்டீங்களா?”

பின்னறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸின் விளிம்பைத் தேய்க்கிற சக்கரம், அதன்மேல் விடாமல் தண்ணீர் ஊற்றுகிற குழாய். அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பி அவர் சொன்னார்: “தண்ணி விடாம ஒரு லென்ஸைக்கூட நான் தேய்ச்சதில்ல. சூடேறிப் பொரிஞ்சிடும். தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க. அது தெரிஞ்சவன் நான்.” திரைக்குப் பின்னால் இருந்தவள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே தலையணை திரும்பி வந்தது. போனபோது பார்த்தவர்கள் எல்லாரும் வந்தபோதும் பார்த்தார்கள்.

அவர் நேரே அலமாரித் தட்டுக்குப் போனார். கண்ணாடியைத் துடைத்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அதன் கால்களை ஒவ்வொன்றாக மடக்கி, பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் துணிகளுக்கு நடுவே வைத்தார். கர்ட்டன் அக்கா அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சுவரில் இருந்த குழியைக் காட்டினாள். அவர் விரலை அதில் வைத்துப் பார்த்தார். விரல் பெரிது, போகவில்லை. இருட்டுகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் விளக்கைப் போடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு, மத்தியானம், கர்ட்டனை இழுத்துவிடாமல், ஜெல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அவள்தான் முதலில் சிரித்தாள். “ஐயோ, இவ்வளவு குளிருதே” என்றாள். அவர் ட்யூபை வாங்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடாக்கினார், லென்ஸைத் துடைக்கிற பொறுமையோடு. அவசரப்படவில்லை. முன்பு ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோனதற்கு இப்போது அரைமணி ஆயிற்று, இன்னும் ஆயிற்று. அவர் விரல்கள் காதுக்குப் பின்னால் தொடங்கி, அவள் சொன்ன வழியெல்லாம் போயின. அவள் சொன்னாள், அதுதான் புதுசு. மெதுவா என்றாள், அங்கே என்றாள், இன்னும் கொஞ்சம் போடுங்க என்றாள். ஒருதடவை மூச்சை இழுத்தாள். அவர் நின்றார். எழுந்து போகவில்லை.

“வலிக்குதா?”

“இல்ல. இது வேற” என்றாள்.

வேறதான். உடம்பு ஈரத்தோடு வழிவிட்டது, எரிச்சல் இல்லை, இருபத்தேழு வருஷத்துக்கு முன் தெரிந்த ஒன்று, அதே இடத்தில், முன்பைவிட நிதானமாகக் கிளம்பி, தொடை நடுங்க, காது அடைக்க, அவளைத் தூக்கிப் போட்டது. அந்தச் சுகத்தின் நடுவில் திடீரென்று அவளுக்கு அழுகை வந்தது. சுவரோரத்தில் இன்னொருத்தி படுத்திருக்கிற மாதிரி மெத்தை அந்தப் பக்கம் தாழ்ந்தது. இந்த முறை அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். விரட்ட வந்தவள் இல்லை. தனக்குக் கிடைக்காதது எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தவள். கர்ட்டன் அக்கா ஒரு கையை அந்தப் பக்கம் நீட்டி, வெறும் விரிப்பின் மேல் வைத்துக்கொண்டாள். விரிப்பு சூடாக இருந்தது.

அன்று மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது என்று கீழ்வீட்டம்மா மறுநாள் குழாயடியில் சொன்னார். இதில் என்ன இருக்கிறது, புருஷன் பெண்டாட்டி சிரிப்பார்கள் என்றார்கள். “சிரிக்கட்டும்மா, எனக்கென்ன. ஆனா நான் கேட்டது ரெண்டு பொம்பளைங்க சிரிப்பு” என்றார். அன்றைக்கு மட்டும் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை.

கர்ட்டன் அக்கா வாடகை அறையின் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாள். மருந்துக் கடைக்கு இப்போது கண்ணாடிக்காரரே போகிறார். முதல் தடவை ட்யூபைப் பேப்பரில் சுற்றித் தரச்சொன்னார், இப்போது அதுவும் இல்லை. சுவரில் இருந்த குழியைப் பூசிவிடலாமா என்று அவர் கேட்டாராம், வேண்டாம் என்றாளாம்.

கீழ்வீட்டம்மா அந்த மழைக்காலம் முடிவதற்குள் மகள் வீட்டோடு போய்விட்டார். சுவரில் ஈரம் ஏறுகிறது, மூட்டுக்கு ஆகாது என்றுதான் எல்லாரிடமும் சொன்னார். சாமான் வண்டியில் ஏறும்போது மாடி ஜன்னலைப் பார்க்காமல் ஏறினார்.

நர்ஸம்மாவுக்கு அடுத்த வருஷம் கல்யாணம். மாப்பிள்ளை ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், இவளைவிட ஆறு வயது பெரியவர். தெரு தன் பழைய தீர்ப்பைச் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிக்கொண்டது. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும். கையெழுத்து முடிந்ததும் நர்ஸம்மா கர்ட்டன் அக்காவை ஒரு ஓரமாகக் கூட்டிப்போனாள். அன்றுவரை ‘நீங்க, வாங்க’ என்று மொட்டையாகப் பேசிக்கொண்டிருந்தவள், “அக்கா, எனக்கும் இப்ப ரெண்டு மாசமா தீட்டு முன்னப்பின்ன வருது” என்றாள்.

“வெக்கப்படாம போன் பண்ணு” என்றாள் கர்ட்டன் அக்கா.

மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலாகி, அவரும் நர்ஸம்மாவும் எட்டுமணி நேர ரயில் தூரத்தில் ஒரு துறைமுக ஊருக்குக் குடிபோனார்கள். வாரத்துக்கு ஒரு தடவை கர்ட்டன் அக்காவுக்குப் போன் வருகிறது.